தேசப்பன் கயிறு எடுத்த கதை

தேசப்பன் பிறர் எடுத்துக் கொடுக்கும் கயிற்றில் தொங்க மாட்டார். சட்டை யார் எடுத்துக் கொடுத்தாலும் போட்டுக்கொள்வார். செருப்பு இரண்டும் இரண்டு அளவாக இருந்தாலும் நடந்துவிடுவார். கயிறு மட்டும் அவரே பார்த்து, முகர்ந்து, கடித்து எடுக்க வேண்டும். இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கிணறு காரணம்.

அவர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று அங்கே முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தேசப்பனின் அப்பாவுக்கு ஒரு பாடு இருந்தது. ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு பாட்டை ஐந்தாகப் பங்கிட்டதில் தேசப்பனுக்கு மீன் வருவது இருக்கட்டும், முறை வருவதே அபூர்வமாகிவிட்டது. சும்மா இருந்த நாட்களில் ஏரிக்கு மேற்கே இருக்கும் ஆரணிப் பக்கம் போய்க் கிணறு தூர் வார ஆரம்பித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலோ ஐந்தோ இருக்கும். முனுசாமி என்ற விவசாயியின் கிணற்றில் பம்பு செட்டுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு கழன்று விழுந்துவிட்டது. இறங்கி எடுக்க வேண்டும். முனுசாமி மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்தார்.

"இது தாங்குமா நைனா?" என்று தேசப்பன் கேட்டார்.

"ரெண்டு காளைய கட்டுற கவுறுப்பா. உன்னத் தாங்காதா?"

இரண்டு ஆள் உயரம் இறங்குவதற்குள் கயிறு அறுந்தது. தண்ணீர் இருந்ததால் தேசப்பன் பிழைத்தார். வேறு கயிறு போட்டு மேலே தூக்கியபின் முனுசாமி உண்மையான வருத்தத்தோடு சொன்னாராம்: "காளைங்க இத்த ஒரு நாளும் அறுத்ததே இல்லியேப்பா."

"காளைங்க தொங்கல நைனா. நின்னுக்கினு இருந்துச்சு."

நிற்கிற எடை வேறு, தொங்குகிற எடை வேறு. தேசப்பனின் படிப்பு முழுவதும் அந்தக் கிணற்றில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்கு எழுதிய உரைதான்.

எழுபத்து மூன்றில் அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். புதிதாக வந்திருந்த ஒரு ரோலிங் மில்லில் பழைய இரும்பு சுமக்கும் தினக்கூலி. காலையில் கேட்டுக்கு வெளியே முப்பது பேர் நிற்பார்கள். டைம் கீப்பர் விரல் நீட்டுகிற இருபது பேர் உள்ளே போவார்கள். தேசப்பன் நாலு வருஷம் அந்த விரலுக்குக் கீழே நின்றார். அவருக்கும் அவர் மனைவி தாயாரம்மாளுக்கும் இருந்தது ஒரே ஆசை. பர்மனென்ட் ஆக வேண்டும். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மில் வழியாகப் போகும்போதெல்லாம் தாயாரம்மாள் கேட்டைப் பார்த்து, "இன்னிக்கு விரல் நீட்டினானா, இல்ல மடக்கினானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

எழுபத்தேழின் தொடக்கத்தில் மில்லுக்கு ஒரு நெருக்கடி வந்தது. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். நூற்றிருபது அடி செங்கல் சிம்னியில் சிவப்பும் வெள்ளையுமாக அடித்திருந்த பட்டைகள் இருந்த இடம் தெரியவில்லை. உச்சி வரைக்கும் இரும்புப் படிகள் உண்டு. ஆனால் சுற்றிலும் வர்ணம் அடிக்க வேண்டுமென்றால் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி வந்தாக வேண்டும். கான்டிராக்டரின் ஆட்கள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், டீ குடிக்கப் போனார்கள். இன்னும் வரவில்லை.

என்ஜினியர் துளசிராமன் தினக்கூலிகளைக் கூட்டி வைத்துக் கேட்டார். தேசப்பன் மட்டும் கை தூக்கினார்.

"முடிச்சுக் குடு. உன்னை பர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார் துளசிராமன்.

துளசிராமன் மாம்பலத்துக்காரர். நல்ல மனிதர். மலை ஏறுவதைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகை வரவழைத்துப் படிப்பார். பரங்கிமலைகூட ஏறியதில்லை. பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பு. உயரத்தில் வேலை செய்பவர்கள் இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை உறுதியான இடத்தில் பிணைக்காமல் ஏறக் கூடாது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, தமிழில் ஒட்டும்படி என்னிடம் கொடுத்தார். நான் அந்த மில்லின் ஸ்டோரில் எழுத்தராக இருந்தேன். அந்த நாட்களில் எனக்குச் சொற்சிக்கனத்தில் பெரிய நம்பிக்கை. நாலு வரியை நாலு சொல்லாக்கி, பெரிய எழுத்தில் எழுதி சிம்னியின் அடியில் ஒட்டினேன்.

கயிறு கட்டாமல் மேலே ஏறாதே.

இரண்டு நாள் கழித்துத் துளசிராமன் வந்து பார்வையிட்டார்.

"கயிறு கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"கட்டியாச்சு சார்" என்றார் தேசப்பன்.

"நல்ல கயிறுதானே?"

"அங்காளம்மன் கோயில் கவுறு சார். பூசாரி கையால."

"எவ்வளவு நீளம்?"

தேசப்பன் யோசித்தார். "ஒரு சாண் இருக்கும் சார்."

"நூத்திருபது அடி சிம்னிக்கு ஒரு சாணா?"

தேசப்பன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு, மூன்று முடிச்சோடு இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற பதினொரு பேரும் மணிக்கட்டைத் தூக்கினார்கள். சிம்னியில் ஏறப் போகாதவர்களும் எதற்கும் இருக்கட்டுமென்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் ஜெயராஜ் மட்டும் தயங்கி முன்னால் வந்து, "எங்க சர்ச்சுல கயிறு கட்ட மாட்டாங்க சார். ஜெபமாலை போட்டுக்கினா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

துளசிராமன் என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸைப் பார்த்தேன்.

"யோவ், இது இடுப்புல கட்டுற கயிறுய்யா" என்றார் துளசிராமன்.

தேசப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் கோபமும் வந்தது. "இடுப்புல கவுறு கட்டாம எவன் சார் அம்மாம் ஒசரம் ஏறுவான்? அதுக்கு ஒரு நோட்டீஸா? அத்தெல்லாம் சொல்ல மாட்டீங்கன்னுதான் சாமி கவுறுன்னு நெனச்சேன்."

அந்த வாதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நோட்டீஸைக் கிழித்துவிட்டு நாலு வரியையும் எழுதி ஒட்டினேன்.

அடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. துளசிராமனே உடைத்தார். இமயமலை ஏறுகிறவர்கள் வாங்குகிற கடையிலிருந்து நீல நிற நைலான் கயிறும், பளபளவென்ற கொக்கிகளும், தொடைக்கு இரண்டு வளையம் வைத்த ஒரு பெல்ட்டும். தேசப்பன் பெல்ட்டை லுங்கியின் மேலேயே மாட்டினார். ஒரு வளையத்துக்குள் அவருடைய இரண்டு தொடையும் போயின. கொக்கியை மாட்டியதும் பெல்ட் மெதுவாக முழங்காலுக்கு இறங்கியது. அங்கேயும் நிற்காமல் கணுக்காலுக்கு வந்து உட்கார்ந்தது.

"நல்ல பெல்ட்டு சார். ஆளு ஒருத்தன் வேணும் இதுக்கு" என்றார் தேசப்பன்.

"இறுக்கிக்கலாம்யா. கயிறைப் பார். இதுல ஒரு ஜீப்பையே தொங்கவிடலாம்."

தேசப்பன் கயிற்றைக் கையில் வாங்கினார். முகர்ந்தார். வாசனையே இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையில் உடம்பைச் சாய்த்தார். கயிறு இரண்டு முழம் நீண்டு கொடுத்தது. "இடுப்பு ஒசரத்துல வர்ணம் அடிக்க ஆரம்பிச்சா, கவுறு நீண்டு நான் முழங்காலளவு கீழ பூடுவேன்" என்றார். பிறகு காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கயிற்றின் முனையில் வைத்தார். நீல இழைகள் சுருங்கி, உருகி, சொட்டாகக் கீழே விழுந்தன.

"என்னய்யா பண்றே?" என்று துளசிராமன் கயிற்றைப் பிடுங்கினார்.

"ஒண்ணு கேக்கறேன் சார், கோவிச்சுக்காதீங்க. இமயமலையில சிம்னி கீதா?"

துளசிராமன் உருகிய முனையைத் திருப்பிப் பார்த்தார்.

"பனிக்குப் பண்ண கவுறு சார் இது. நம்ம சிம்னி உலை நிக்கிற ஞாயித்துக்கெழமைகூட கை வைக்க முடியாம சுடும். நான் வெள்ளப் பட்டை அடிச்சுக்கினே இருப்பேன், மேல கவுறு பாயசமாப் பூடும்."

அன்று துளசிராமன் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். மறுநாள் காலை வந்து, "சரி, உனக்கு என்ன கயிறு வேணும்?" என்று கேட்டார்.

"மணிலாக் கவுறு. நாருல திரிச்சது, உருகாது. பாரிமுனையில கெடைக்கும். நான் வந்து எடுக்கணும். என் ஊட்டுக்காரியும் வரணும்."

"அவங்க எதுக்கு?"

"அவதான் சார் எடை."

தேசப்பன் ஐம்பது கிலோ. தாயாரம்மாள் எழுபத்தைந்து, ரைஸ் மில் தராசில் ஏறிப் பார்த்ததாக நாங்கள் நாலு பேரும் சென்னைக்குப் போன ரயிலில் துளசிராமனிடம் அவரே பெருமையாகச் சொன்னார். "என்னத் தாங்கினா அவர ஒண்ணரை வாட்டி தாங்கின மாதிரி சார். கெணத்துக்குப் போற கவுறெல்லாம் நான் குந்திப் பாத்துத்தான் அனுப்புவேன்."

பாரிமுனைக்குப் பின்னால் கயிறு விற்கும் தெருவில் வரதன் என்பவர் கடைக்குப் போனோம். வாசலின் மேலே மரச்சட்டத்தில் பெரிய போர்டு. 'எதையும் தாங்கும் எங்கள் கயிறு' என்று எழுதியிருந்தது. தேசப்பன் கடைக்குள் குந்திக்கொண்டு ஒவ்வொரு சுருணையாக அவிழ்த்தார். முறுக்கைத் திருப்பி, புரிகளைப் பிரித்து, உள்ளே பார்த்தார். வெளியே பளபளப்பாக இருந்த ஒன்றின் உள்ளேயிருந்து மாவு கொட்டியது. "வயசாயிடுச்சு" என்று தள்ளிவைத்தார். இன்னொன்றை முகர்ந்து, "எலி மூத்திரம்" என்றார். மூன்றாவதின் நாரைப் பல்லில் வைத்துக் கடித்து, "ஈரத்துல வெச்சுக்கிறாங்க" என்றார். பதினோராவது சுருணையில் வரதனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாபா, கயிறு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

தாயாரம்மாள் சொன்னார்: "என்னப் பாக்க வந்தப்ப இவ்ளோ பாக்கலிங்க. ஒரு காப்பி குடிச்சாரு, சரின்ட்டாரு."

"அது நின்னுக்கினு எடுத்த முடிவு" என்றார் தேசப்பன், தலை நிமிராமல்.

பதினாலாவது சுருணை அவருக்குப் பிடித்தது. அதில் ஒரு சுருக்குப் போட்டு, வாசலின் மேல் சட்டத்தில் மாட்டி, தாயாரம்மாளைப் பார்த்தார். தாயாரம்மாள் கருவாட்டுக் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுருக்கில் உட்கார்ந்து காலைத் தூக்கினார்.

"மணல் மூட்டை ஒண்ணு கட்டிப் பாக்கறதுதானே? பொம்பளைய ஏன்யா?" என்றார் வரதன்.

"மணல் மூட்டை பயப்படாதுங்க. மனுசன் மேல போனா பயப்படுவான், பயந்தா உதறுவான். அந்த உதறல கவுறு தாங்கணும்" என்ற தேசப்பன் மனைவி பக்கம் திரும்பி, "உதறு" என்றார்.

தாயாரம்மாள் உதறினார். தெருவில் கூட்டம் சேர்ந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர், "இன்னா படம் எடுக்கறாங்க?" என்று கேட்டார். மூன்றாவது உதறலில் மேலே ஒரு சத்தம் கேட்டது. சட்டம் பிளந்து, போர்டு, தாயாரம்மாள், இருபது வருஷத் தூசு எல்லாம் ஒன்றாக இறங்கின. கீழே தேங்காய் நார்க் கயிற்றுச் சுருணைகள் கிடந்ததால் அவர் நன்றாகவே உட்கார்ந்தார்.

தேசப்பன் ஓடினார், கயிற்றிடம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சரி சார். இத்த எடுத்துக்கலாம்" என்றார்.

"யோவ், பொண்டாட்டியப் பாருய்யா" என்றார் துளசிராமன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று தாயாரம்மாள் தூசைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"என் போர்டு?" என்றார் வரதன்.

தாயாரம்மாள் அதைப் புரட்டிப் பார்த்தார். "பலகை சரியில்லிங்க. எழுத்துதான் நல்லா கீது."

சட்டத்தை மில்லிலிருந்து ஆள் அனுப்பிச் சரி செய்து தருவதாகச் சொல்லி, அதே கயிற்றில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஒன்று உட்காரும் பலகைக்கு, இன்னொன்று பெல்ட்டுக்கு. அந்தப் பெல்ட்டைப் போட்டே ஆக வேண்டும் என்பது துளசிராமனின் நிபந்தனை. அவர் மனம் நோகக் கூடாதென்று தேசப்பன் அதில் இரண்டு புது ஓட்டை போட்டு, காக்கி அரைக்கால் சட்டையின் மேலே கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் உட்கார மட்டும் ஒரு முழம் அகலத்தில் வேப்பம்பலகை இழைத்துக்கொண்டார். "வேலைன்னா குந்துறதுக்கு எடம் வேணும் சார்" என்றார்.

கயிறு எடுப்பதிலேயே பதினெட்டு நாள் போய்விட்டது. அதனால் இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று காலையிலும் சிம்னியின் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை பாக்கி இருந்தது. உலையை அணைத்து வைத்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் தேசப்பன் கேட்டார்: "இத்த முடிச்சுட்டா பர்மனென்ட்டுதானே சார்?"

துளசிராமன் கடிகாரத்தைப் பார்த்தார். "முதல்ல முடி. பாக்கலாம்."

எங்கள் மில்லில் பாக்கலாம் என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கக்கூஸ் கதவு இரண்டு வருஷமாகப் பாக்கலாமில் இருந்தது. கேன்டீன் மின்விசிறி, மழைக்கோட்டு எல்லாம் அதே இடத்தில் இருந்தன. தேசப்பன் படியில் ஏறினார்.

பத்து மணிக்குப் பட்டை முடிந்தது. தேசப்பன் வர்ண வாளியை மட்டும் கீழே இறக்கினார். அவர் இறங்கவில்லை. அறுபதடி உயரத்தில் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பையைப் பிரித்தார்.

"இறங்குய்யா" என்று துளசிராமன் கத்தினார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"எதை?"

"பாக்கலாம்னீங்களே. நானும் மேலருந்து பாத்துக்கினேதான் கீறேன். நீங்க இன்னும் ஒண்ணும் பாக்கல."

துளசிராமன் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு நேரம் அந்தப் பெல்ட்ல தொங்குவான்? கால் மரத்துப்போனா தானா இறங்குவான்" என்றார்.

கணவனுக்குக் கூழ் கொண்டு வந்திருந்த தாயாரம்மாள் அதைக் கேட்டுவிட்டார். "பெல்ட்டு சும்மா பேருக்கு சார். பலகை மேல குந்திக்கினு கீறாரு. தோணியில காலையில குந்தினா சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாரு. நீங்க வேணா போய் நாஷ்டா பண்ணிட்டு வாங்க."

"நான் போய் எறக்கட்டுமா சார்?" என்று ஜெயராஜ் கேட்டார்.

"போ."

"கயிறு?"

துளசிராமன் அண்ணாந்து பார்த்தார். கயிறு இரண்டும் தேசப்பனிடம் இருந்தன.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்துவிட்டது. அவர் இறங்கியதும் முதலில் சிம்னியைத்தான் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "பலகை. பெல்ட்டுக்குத் தனிக் கயிறு. பிரமாதம். உயரத்துல இவ்வளவு நிதானமா உக்காந்திருக்கிற ஆளை நான் பாத்ததே இல்லை" என்றார். துளசிராமனின் முகம் மலர்ந்தது.

"பர்மனென்ட் ஆள்தானே? இந்த வேலைக்குத் தினக்கூலிய ஏத்தியிருந்தா நான் உங்க மேல ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும்."

துளசிராமன் முகத்தில் மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சொல்றாரு?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"நீ பர்மனென்ட்டான்னு கேக்கறாரு" என்று தாயாரம்மாள் கத்தினார்.

"நம்ம சார் இன்னா சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. தொண்டைய கனைச்சுக்கினு கீறாரு."

"பர்மனென்ட்தான் சார்" என்றார் துளசிராமன். "ஆர்டர் டைப் ஆயிட்டு இருக்கு."

இன்ஸ்பெக்டரைக் காப்பிக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டு, துளசிராமனும் நானும் ஆபீசுக்கு ஓடினோம். பர்மனென்ட் ஆட்களின் ரெஜிஸ்டரைப் புரட்டினால் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் காலி. மில் கட்டியபோது முன்னால் புல்வெளி வைப்பதாக வரைபடத்தில் காட்டி, அதற்கென்று ஒப்புதல் வாங்கிய வேலை. துளசிராமன் ஒரு கணம் கண்ணை மூடினார். "போடுங்க" என்றார். நான் டைப் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சிம்னியின் அடியில் நின்று அந்த ஆர்டரை நான் படித்தேன். அவ்வளவு உரக்க அதற்கு முன் எதையும் படித்ததில்லை. "...திரு. தேசப்பன் அவர்கள் இன்று முதல் தோட்டக்காரராக நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்."

மேலே தேசப்பன் பலகையோடு மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினார்.

"இங்கருந்து பாத்தா ஸ்டேஷன் தெரியுது. கேன்டீன் கூரை தெரியுது. தோட்டம் தெரியலியே சார்."

"வரும்யா. ஆள் இல்லாம தோட்டம் எப்படி வரும்? ஆள் வந்தாத்தான் தோட்டம் வரும்" என்றார் துளசிராமன். கெஞ்சுகிற குரல்.

"எறங்குய்யா" என்றார் தாயாரம்மாள். "கசடு கொட்டின எடத்துலகூட தண்டுக்கீரை வரும். நான் வெதை கொண்டாரேன்."

தேசப்பன் வெற்றிலையைத் துப்ப இடம் பார்த்து, கீழே யாருமில்லாத பக்கம் துப்பிவிட்டு, இறங்க ஆரம்பித்தார். கால் தரையில் படும்போது இன்ஸ்பெக்டர் காப்பி குடித்துவிட்டு ரெஜிஸ்டரோடு திரும்பி வந்திருந்தார்.

"தோட்டக்காரர்னு போட்டிருக்கே. தோட்டக்காரருக்குச் சிம்னியில என்ன வேலை?"

தாயாரம்மாள்தான் முன்னால் வந்தார்.

"செங்கல் சந்துல அரசஞ்செடி மொளைச்சுட்டுது சார். விட்டா சிம்னியையே பொளந்துடும். அத்தப் புடுங்கத்தான் ஏறினாரு. ஏறினவரு சும்மா வருவானேன்னு வர்ணமும் அடிச்சுட்டாரு."

இன்ஸ்பெக்டர் சிம்னியைப் பார்த்தார். அதில் செடி எதுவும் இல்லை. அதுவே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. பேனாவை எடுத்துப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார்: 'தோட்டப் பராமரிப்பு மிக நன்று.'